வெளிச்சக் கூரையின் கீழ் அடித்த உளிகள்

ஏரியூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை ஓடவில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசிவிடுவாய், அதனால் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். முழுக்கப் படி, அப்புறம் கோபப்படு.

நம்மிடம் உளி வாங்கும் தச்சர் பச்சியப்பன், பென்னாகரத்துக்காரர், வியாழக்கிழமை ஒரு கதவில் பூ வேலை செய்துகொண்டிருந்தாராம். நம் புதுக் குழியுளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டியதும் முனை பெயர்ந்து தெறித்து வலது கண்ணில் பாய்ந்துவிட்டது. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். பார்வை வருமா வராதா என்று நாளைக்குக் கட்டு அவிழ்த்தால்தான் தெரியும். பார்க்கப் போன என்னைக் கண்டதும் அவர் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உன் அப்பா சேலத்து இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டு, மட்டமான இரும்பைத் தள்ளிவுட்டுட்டியேடா பாவி என்று கத்தினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே இரும்பில் முன்பு அடித்த உளி இன்னும் உழைக்கிறதே! யோசித்து யோசித்துப் பார்த்தேன். உன் ஆன்லைன் கடைக்கு எடுக்கிற வீடியோ பளிச்சென்று விழவேண்டும் என்று நீ கேட்டாயே, ஆடி மாதம் பட்டறைக் கூரையைப் பிரித்து வெளிச்சம் விடுகிற ஷீட் போட்டோமில்லையா? அப்பா சூட்டை நிறம் பார்த்துத்தான் பதம் பிடிப்பார், இருட்டில் பழகிய கண். அத்தனை வெளிச்சத்தில் பழுத்த இரும்பும் மங்கலாகத் தெரிய, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டிருக்கிறார். சூடு மிஞ்சினால் உளி கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும். நேற்று நானே கூரைமேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, அதே கம்பியில் ஒன்று அடிக்கச் சொன்னேன். உளிக்குப் பிடி கடையிறவ பிடியப் பாரு, உனக்கென்னா தெரியும் என்று ஏசிக்கொண்டேதான் அடித்தார். நான் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதைப் புளியங்கட்டையில் வைத்து எத்தனை தட்டியும் முனை அசையவில்லை. ஷீட் போட்ட பிறகு அடித்ததில் ஒன்றைத் தட்டினேன், முனை போயிற்று. மனுஷன் அப்படியே உலை ஓரம் உட்கார்ந்துவிட்டார். இன்று விடிந்ததும், இங்கே வாங்கினவர்களிடமிருந்து அந்த உளிகளைத் திரும்ப வாங்கிவரப் பைக்கில் போயிருக்கிறார். உன்னைக் குற்றம் சொல்லவில்லை கண்ணு, நாங்களுந்தான் அழகாயிருக்கு என்று பல்லைக் காட்டினோம்.

ஆனால் ஐப்பசியில் உனக்கு அனுப்பிய பெட்டியிலும் அந்த உளிகள்தான். பாதி விற்றாயிற்று என்றாய். வெள்ளிக்கிழமை போனில், உளி ஒடிந்தது என்று நான் தொடங்கியதுமே, ஒண்ணு ரெண்டு ஒடையறது எல்லா கம்பெனியிலயும் நடக்கறதுதாம்மா, இப்ப வெளிய சொன்னா கடையே போயிடும் என்றாய். போகட்டுமே! அங்கே வாங்கினவர்களுக்கும் கண் இருக்கிறதல்லவா? வாங்கின ஒவ்வொருவருக்கும் உளியைத் தொடாதீர்கள் என்று இன்றைக்கே எழுது. காரணத்தையும் மறைக்காமல் எழுது. நீ எழுதாவிட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன். எனக்கு இங்கிலீஷ் வராது, ஒடிந்த உளியைப் படம் பிடித்து நெட்டில் நம் கடைப் பக்கத்தில் போட வரும்.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு இருமல் விடவில்லை என்றாயே, மிளகு தட்டிப்போட்டு ரசம் வை. இருவரும் கண்ணும் கையும் குறையில்லாமல் நெடுநாள் வாழவேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். ஆஸ்பத்திரியில் என் குரல் கேட்டதும் பச்சியப்பன் தன் கண்ணைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அக்கா, இதே உளிய வேற யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா, மொதல்ல அவங்களுக்குச் சொல்லிருங்க என்றார். எல்லாருக்கும் சொல்லியாச்சு தம்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு மறுபடியும் அவர் முன்னால் போய் நிற்கவேண்டும். அதற்குள் எழுதிவிடு.

உன் அம்மா,
காவேரி