சனிக்கிழமை வந்தவர்கள்

ஜூலை 7, 2025, திங்கள்

“டீச்சர், செக்யூரிட்டி படிப்புக்குப் பட்டம் குடுத்தா நம்ம ஆளுங்க சேருவாங்களா?” போன வாரம் நிலோபர் கேட்டாள். பள்ளியில் என்னிடம் நான்காம் ஆண்டு படித்தவள். இப்போது ஜொகூர் பாருவில் ஒரு தனியார் பல்கலைக்கழக விரிவுரையாளர். பாதுகாப்பு மேலாண்மைப் பட்டப்படிப்பு தொடங்கலாமா என்று ஆராய்வது அவள் பொறுப்பு. ஆள் சேராது என்றால் படிப்பும் இல்லை, அவளுடைய ஒப்பந்தமும் நீளாது. எங்கள் கூலாய்ப் பக்கம் நான் விசாரிப்பதாகச் சொன்னேன்.

ஜூலை 11

செனாய் தொழிற்சாலை வாசல்கள், கோயில், காதர் பீவி கடை என்று எல்லா இடத்திலும் கேட்டாயிற்று. தொழிற்சாலைக் காவலாளி கனகராஜ் எழுந்து நின்றே சொன்னான்: “கண்டிப்பா சேருறேன் டீச்சர்!” ஒருவர்கூட மறுக்கவில்லை. நிலோபருக்குப் போன் செய்தேன். “அலமாக், இவ்வளவு பேரா!” என்று வியந்தாள்.

ஜூலை 13

சந்தையில் கனகராஜின் மனைவி மலர். பேரங்காடியில் பாதுகாப்புக் கேமரா பார்க்கும் வேலை. சீருடையிலேயே காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “உன் வீட்டுக்காரர் பட்டதாரி ஆகப் போறாரே” என்றேன். சிரித்துவிட்டாள். “அவரா? ஷிப்ட் முடிஞ்சு வந்தா சோத்துக்கே எழுப்பணும். டீச்சர் மூஞ்சியப் பாத்து மாட்டேன்னு யாரு லா சொல்லுவா?”

அட, ஆமாம். “புரிஞ்சுதா?” என்றால் வகுப்பு முழுக்க “புரிஞ்சுது டீச்சர்” என்னும். கரும்பலகைக்கு அழைத்தால்தானே தெரியும்? இது எனக்கு எப்படி மறந்து போச்சு?

ஜூலை 14

நிலோபரிடம் சொன்னேன். “நல்லவேளை டீச்சர், அறிக்கை இன்னும் குடுக்கல.”

ஒரு சனிக்கிழமை காலையில் மாதிரி வகுப்பு ஒன்று வைக்கச் சொன்னேன். விளம்பரம் மட்டும் போதும். நான் யாரையும் அழைக்கக் கூடாது.

ஜூலை 26, சனி

மாதிரி வகுப்பின் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ‘கண்டிப்பா’ என்றவர்களில் ஒருவரும் இல்லை. நிலோபர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் வாசலில் ஒரு சீருடை — மலர்! பின்னால் அவளோடு வேலை செய்யும் பெண்கள், ஒரு வேன் நிறைய.

“சந்தையில சொல்லவே இல்லையே?”

“நீங்க என்னைக் கேக்கவே இல்லையே டீச்சர்.”

உண்மைதான். ஆண்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20

நிலோபர் அழைத்தாள். வார இறுதிப் படிப்பாக, சிறிய அளவில் தொடங்கப் பல்கலைக்கழகம் சம்மதித்துவிட்டதாம்; ஒப்பந்தமும் நீள்கிறது. மலர் சனிக்கிழமை ஷிப்டை மாற்றிவிட்டாளாம். கனகராஜ் சோறு ஆக்கப் பழகுகிறானாம்.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்: யாருக்கு விருப்பம் என்று தெரிய வேண்டுமா, ஒரு சனிக்கிழமை காலை கதவைத் திறந்து வைத்துப் பார்.