மூன்றாவது அழைப்பு

இன்று சனிக்கிழமை. பெரகலயைத் தாண்டி ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். வேனிலிருந்து பெட்டிகளை இறக்கி, பிள்ளைகள் கையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கொடுத்ததும், அது உருகும் அந்தக் கருகிய வாசம் வகுப்பறை முழுவதும் பரவியது. உனக்குப் பிடித்த வாசம். "சாம்பிராணியவிட இது நல்லாருக்குடி" என்று மூக்கை நீட்டி இழுப்பாய். நான் ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

எச்சரிக்கைப் பெட்டி தயாரானதும் அதற்குக் குரல் கொடுக்க ஒரு பிள்ளையை அழைத்தோம். மலையில் மண் நகர்ந்தால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களை வெளியே கூப்பிட வேண்டிய குரல் அது. அந்தப் பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதிக் கொடுத்ததைத் தடுமாறாமல் வாசித்தாள். முடித்ததும் என்னைப் பார்த்து, "போதுமா டீச்சர்?" என்றாள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கடைசிக் கேள்வியை வெட்டிவிட வேண்டும். எப்போதும் செய்கிற வேலைதான். இன்று என் விரல் அதற்கு இணங்கவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. அங்கே நின்றபோதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நம் முதல் சண்டை உனக்கு நினைவிருக்கும். நான் பதுளை டவுன்காரி, ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வீட்டுப் பெண். நீ பசறைக்கு மேலே ஒரு தோட்டத்து மேல் லயத்திலிருந்து வந்தவள். பல்கலைக்கழகத்தில் முதல் வாரம். விடுதியிலிருந்து வகுப்புக்கு ஏறும் பாதையில், பனிக்குள் எனக்கு முன்னால் நீ போய்க்கொண்டிருந்தாய். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். நடந்துகொண்டே இருந்தாய். என்ன தலைக்கனம் என்று எரிச்சலோடு மூன்றாவது முறை கத்தினேன். உடனே திரும்பி, ஒன்றும் நடக்காதது போலச் சிரித்தாய்.

"காது கேக்காதா உனக்கு?"

"கேட்டுச்சே. பனிக்குள்ள யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டா ஒடனே ஏன்னு பதில் குடுக்கக் கூடாது. பேய் ரெண்டு தடவதான் கூப்பிடும். மூணாவது தடவயும் கூப்பிட்டாத்தான் அது நம்மாளு."

"ஏன், பேய்க்கு அதுக்கு மேல எண்ணத் தெரியாதாக்கும்?"

"அது உன்ன மாதிரி டவுன் ஸ்கூல்ல படிக்கலயே."

அதற்குப் பிறகு உன்னை எங்கே பார்த்தாலும் மூன்று முறை கூப்பிடுவது என் வழக்கமாகிவிட்டது. பட்டப்பகலில், கேன்டீனில், ஒரு அடி தூரத்தில் நின்றுகொண்டுகூட. கேலிக்குத்தான் தொடங்கினேன்.

படிப்பு முடிந்து இருவரும் அங்கேயே உதவி விரிவுரையாளர்களானோம். சனிக்கிழமைகளில் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் விஞ்ஞானமும் கணிதமும் பொறியியலும் செய்து காட்டும் திட்டத்துக்கு ஆள் கேட்டபோது நீதான் முதலில் கை தூக்கினாய். என் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாய். நமக்கு முன்னால் போனவர்கள் திரையில் படம் காட்டிவிட்டு, பிஸ்கட் கொடுத்துவிட்டு வந்தவர்கள். உனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகள் கையில் கம்பியையும் பேட்டரியையும் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வாய். "கேம்பஸ்னா ஆகாசத்துல இருக்குன்னு நெனைக்காதீங்க. பதுளை பஸ்ஸுல ஏறுனா வந்துரும்" என்பதுதான் உன் வரவேற்புரை, அவ்வளவுதான்.

உன் சொந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, உங்க ஊருக்கு என்ன செஞ்சா நல்லது என்று பிள்ளைகளைக் கேட்டாய். பத்தாம் வகுப்புத் தர்ஷினி எழுந்தாள். "மேல் லயத்துக்குப் பின்னால மலையில ஒரு வெடிப்பு இருக்கு டீச்சர். போன மழைக்கு என் செருப்பு உள்ள விழுந்துருச்சு. எட்டிப் பாத்தா தெரியல."

வகுப்பு சிரித்தது. நீ சிரிக்கவில்லை. அந்த மேல் லயத்தில்தான் உன் அம்மா இருந்தார். வேறு இடத்தில் வீடு தருவதாகப் பேச்சு இருந்தது. பேச்சு முடிந்து வீடு வரும்வரை அத்தனை குடும்பமும் அந்த வெடிப்புக்குக் கீழேதான் சமைத்து, உறங்கி, எழும்ப வேண்டும்.

பிள்ளைகள் செய்தது எளிய வேலை. வெடிப்புக்கு மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை, இடையில் இழுத்துக் கட்டிய கம்பி. மண் கொஞ்சம் நகர்ந்தாலும் கம்பி இழுபட்டு, பெட்டிக்குள் மின்சாரம் ஓடி, கோயில் கூரையில் இருக்கும் குழாய் ஸ்பீக்கர் பேச வேண்டும். சைரன் வைக்கலாம் என்றேன். சைரன் என்றால் தொழிற்சாலைச் சங்கு என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள் என்றாய். மனிதக் குரல்தான் வேண்டும் என்றாய். யார் குரல் என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டதும், சண்டை வேண்டாம் என்று நீயே பேசினாய்.

நம் ஆய்வுகூடத்தில்தான் பதிவு செய்தோம். "மேல் லயத்து ஆளுங்க எல்லாரும் வெளிய வாங்க. சாமானப் பாக்காதீங்க. புள்ளைங்கள தூக்கிக்கிட்டுக் கோயில் மைதானத்துக்கு வாங்க." சொல்லி முடித்து மூச்சு வாங்கி, ஒரு சின்னச் சிரிப்புடன் என்னைக் கேட்டாய்: "போதுமாடி?"

போதும் என்றேன். அந்தக் கேள்வியை வெட்டி எறிந்தேன். முழுப் பதிவையும் கணினியிலிருந்து அழித்துவிட்டு, வெட்டியபின் மிஞ்சியதை மட்டும் பெட்டிக்குள் ஏற்றினேன். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எத்தனை முறை ஒலிக்க வேண்டும் என்பதில் மறுபடி சண்டை. நீ மூன்று என்றாய். நம்மிடம் இருந்ததோ ஒரு த்ரீவீலர்க்காரர் கழற்றிக் கொடுத்த பழைய பேட்டரி. நான் கணக்குப் போட்டேன். அந்தக் குழாய் ஸ்பீக்கர் குடிக்கிற மின்சாரத்துக்கு இரண்டு அழைப்போடு பேட்டரி படுத்துவிடும். "ரெண்டு தடவ கூப்பிட்டா எங்க ஆளுங்க வர மாட்டாங்கடி" என்றாய். "பேட்டரிக்கு உங்க பேய்க் கணக்கெல்லாம் தெரியாது" என்றேன். நீயும் கணக்குத் தெரிந்தவள். என் தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்துவிட்டு, புது பேட்டரி வந்ததும் மூன்றாக்குவோம் என்று ஒத்துக்கொண்டாய். பெட்டியை இரண்டில் நிறுத்தி மூடினோம்.

புது பேட்டரி வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. சும்மா காய்ச்சல் என்றுதான் நானும் நினைத்தேன். வார்டில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் பேரை மூன்று முறை கூப்பிட்டேன். அன்றைக்குக் கேலிக்காகக் கூப்பிடவில்லை. நீ கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தெரிந்துகொள்.

உன்னை எரித்த பிறகு எனக்கு முதலில் வந்த நினைப்பு அந்தப் பெட்டிதான். செத்துப்போனவளின் குரல் ஒரு மலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கருமாதி முடியட்டும் புள்ள. அதுவரைக்கும் அவ வீட்டச் சுத்தித்தான் இருப்பா. இப்ப போயி அவ கொரல எடுத்துட்டா, எங்கன்னு தேடுவா."

 சரியென்றேன். புதுக்குரல் தர்ஷினியுடையது. அதைப் பதிந்து பையில் வைத்துக்கொண்டேன்.

கருமாதிக்கு முதல் நாள், சாமான்களோடு பசறையில் பஸ் ஏறி வந்தேன். காலையிலிருந்து விடாத மழை. பின்னேரம் மழை கொஞ்சம் ஓய்ந்து பனி இறங்கியது. எதிர் லயம் தெரியவில்லை. நானும் உன் அம்மாவும் காம்பரா அறைக்குள் உட்கார்ந்து எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தோம். அப்போது நீ கூப்பிட்டாய்.

"மேல் லயத்து ஆளுங்க எல்லாரும் வெளிய வாங்க."

அந்தக் குரலைப் பதிந்தவள் நான். வெட்டியவள் நான். இருந்தும் எனக்கு அது புதிதாகக் கேட்டது. ஆய்வுகூடத்தில் கேட்ட குரல் மாதிரி இல்லை. பனிக்குள் நனைந்து, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல், சுவரைத் தொட்டுக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. கோயில் மைதானத்துக்கு வாங்க என்று முடிந்தபோது லயம் முழுவதும் ஒரு சத்தம் கேட்டது. ஆட்கள் வெளியே வருகிற சத்தம் என்று நினைத்தேன். இல்லையடி. வரிசையாகக் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து வாசல் இஸ்தோப்புத் திண்ணைக்கு ஓடினேன். "கம்பி இழுத்திருக்கு! மண்ணு நகருது! வெளிய வாங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தார்.

"அது மெஷின் அக்கா! நாங்க செஞ்ச மெஷின்!"

"மெஷினுன்னு எங்களுக்கும் தெரியும் புள்ள. மெஷினுக்குள்ள யாருன்னுதான் தெரியல. நாளைக்குக் கருமாதிய வச்சிக்கிட்டு இன்னைக்குக் கூப்பிடுறா. யாரையோ கூட்டிக்கிட்டுப் போக வந்துட்டா."

இரண்டாவது முறை கூப்பிட்டாய். அதே சொற்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். உன் அம்மா என் பின்னால் வந்து நின்று என் வாயையும் பொத்தினார். அவர் கையில் எள் ஒட்டியிருந்தது. "ஏன்னு கேட்டுறாத" என்று என் காதில் சொன்னார்.

பிறகு அமைதி. மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீர்ச் சத்தம்கூட நின்றிருந்தது. மேலே மண் நகர்ந்து ஊற்றை அடைத்தால்தான் அது நிற்கும், அதுதான் எனக்குப் பெரிய பயம். பேட்டரி முடிந்தது, இனி ஒன்றும் பேசாது என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட்டவளே நான்தான். கதவைச் சாத்திக்கொண்டு இத்தனை பேரும் சாகப்போகிறார்கள், நானும் சாகப்போகிறேன் என்று நின்றேன். என்னால் ஒருவரையும் அசைக்க முடியவில்லை.

அப்போது மூன்றாவது முறை கூப்பிட்டாய்.

உன் அம்மாவின் கை என் வாயிலிருந்து விழுந்தது. அவர் வாசலைத் தாண்டி நடுப் பாதையில் இறங்கி நின்று, நான் அதுவரை கேட்காத குரலில் கத்தினார்: "மூணு தடவ கூப்பிட்டுட்டா! பேயி மூணு தடவ கூப்பிடாது! என் புள்ளதான் கூப்பிடுறா, வாங்க எல்லாரும்!"

கதவுகள் திறந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிழவர்களைத் தோளில் தாங்கிக்கொண்டு, ஒருவர் சேலையை ஒருவர் பிடித்துக்கொண்டு பனிக்குள் இறங்கினோம். கோயில் மைதானத்துக்கு வந்து சேர்ந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மேலே மலை உறுமியது. பனிக்குள் எதுவும் தெரியவில்லை. மரங்கள் முறிகிற சத்தம், தகரம் நசுங்குகிற சத்தம், பிறகு பச்சை மண் வாசம் மட்டும் வந்தது. பனி விலகியபோது மேல் லயம் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது. ஒரு உயிர் போகவில்லை. சில கோழிகளும் உன் கருமாதிக்கு வாங்கிய சாமான்களும்தான் போயின.

பெட்டி கோயிலில் பத்திரமாக இருந்தது. மறுநாள் நானும் தர்ஷினியும் திறந்து பார்த்தோம். பேட்டரி செத்துக் கிடந்தது. எண்ணிக்கை இரண்டிலேயே நின்றிருந்தது. "நான் கை வைக்கல டீச்சர்" என்று தர்ஷினி சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணப் போனாள். தடுத்தேன். அவளை நான் சந்தேகப்படவில்லை.

பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த அறிக்கையில், மூன்றாவது ஒலி எதிர் மலையில் பட்டு வந்த எதிரொலியாக இருக்கலாம் என்று எழுதினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எதிரொலி இவ்வளவு சாவகாசமாக வருமா என்று நீ மட்டும் கேட்டிருப்பாய்.

ஆனால் அறிக்கையில் எழுதாத ஒன்று இருக்கிறது. அன்று மைதானத்தில், நனைந்த சேலையோடு உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முந்தானையைப் பிழிந்தார். பிறகு கேட்டார்: "கடைசி தடவ கூப்பிட்டு முடிச்சிட்டு, சிரிச்சிக்கிட்டே ஒன்னைய என்னமோ கேட்டாளே புள்ள. பதில் சொன்னியா?"

எனக்கும் கேட்டிருந்தது. எனக்கு மட்டும் கேட்டது என்று அதுவரை என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் பெட்டி மூன்று முறை கூப்பிடுகிறது. நல்ல பேட்டரி இல்லாமல் நான் வேனில் ஏறுவதில்லை. ஏன் மூன்று என்று பிள்ளைகள் கேட்டால், நம் ஆட்கள் அப்போதுதான் வருவார்கள் என்கிறேன். உன் குரல் இருந்த அந்தச் சின்ன மெமரி அட்டை என் பையில் ஜெபமாலையோடு கிடக்கிறது. பலமுறை போட்டுக் கேட்டுவிட்டேன். கோயில் மைதானத்துக்கு வாங்க என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வெட்டியது வெட்டியதுதான்.

இன்று வேனுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வகுப்பறைக்குத் திரும்பினேன். அந்தப் பிள்ளையின் கேள்வியை வெட்டாமல் அப்படியே பெட்டிக்குள் ஏற்றினேன். பிள்ளைகள் கெக்கலித்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மூன்றாவது முறை கூப்பிட்டால் பதில் சொல்லலாம் என்பது உன் ஊர் வழக்கம். அன்றைக்கு உன் அம்மாவின் கை விழுந்த பிறகும் என் வாய் திறக்கவில்லை. ஆய்வுகூடத்தில் நீ கேட்டபோது அவசரத்தில் ஒரு பதில் சொன்னேன், அது தப்பு. இப்போது சொல்கிறேன்.

போதாதுடி.