பெட்டியில் இல்லாத நேரம்

சைகோன்,
ரமலான் பிறை பதினொன்று

அன்பு மகன் நைனா முகம்மதுக்கு உம்மா ஜுலைகா சலாம் கூறி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நான் சுகம், உன் வாப்பாவும் இன்றைக்குச் சுகம்தான், முந்தாநாள் அப்படி இல்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நீயும் மருமகளும் பிள்ளையும் அந்தக் குளிரில் நோன்பு வைத்து நல்லபடி இருக்க துஆ செய்கிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி அவர் முன்னால் எப்படிப் பேசுவது. தபாலில் போட்டால் உனக்குப் பெருநாள் கழித்துத்தான் வரும், அதனால் எழுதி முடித்து மாடிவீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன்.

இனிமேல் உங்கள் ஊரிலும் டாக்டர் சீட்டே கிடையாதும்மா, எல்லாம் கம்ப்யூட்டரில் போய்விடும், கையெழுத்து புரியாமல் மருந்து மாறுகிற பேச்சே இல்லை, எங்கள் ஆபீஸிலும் இதே வேலைதான் என்று போன மாதம் பெருமையாகச் சொன்னாயே. அந்தப் பெருமையை இப்போது என்னிடம் வந்து சொல். வாப்பாவின் சர்க்கரைக்கு முன்பு பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா உனக்கு நினைவிருக்கும். அந்த அம்மாவுக்கு நோன்பும் தெரியாது தொழுகையும் தெரியாது, ஆனால் ரமலான் வந்தால் சீட்டில் மத்தியான மாத்திரையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, காலையில் சாப்பிடுவதை நோன்பு திறந்த பிறகு என்றும், ராத்திரி மாத்திரையில் பாதி மட்டும் விடிவதற்கு முன்னால் என்றும் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பார்கள். சந்து முனை மருந்துக்கடை லியன் அதைப் பார்த்து, சஹருக்கு ஒரு பை, நோன்பு திறக்க ஒரு பை என்று சின்னச் சின்னப் பையாகக் கட்டி ஒட்டித் தருவாள். இத்தனை வருஷமும் ஒரு குறை வந்ததில்லை.

அந்த அம்மா ஓய்வு வாங்கிப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர் சின்ன வயதுக்காரர், தங்கமான குணம், ஆனால் முகத்தைத் திரையிலிருந்து எடுக்கமாட்டார். நான் நோன்பைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் கம்ப்யூட்டரில் காலை, மத்தியானம், சாயந்திரம், ராத்திரி என்று நாலு பெட்டிதான் இருக்கிறதாம், சஹருக்குப் பெட்டி இல்லையாம், வீட்டில் நீங்களே பார்த்து மாற்றிக் கொடுத்துவிடுங்கள் பாட்டி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். லியனிடம் போனால், என் போனுக்கு வந்த சீட்டு நம்பரை அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள், ஸ்டிக்கர் தானாக வந்து விழுந்தது, காலை ஏழு, மத்தியானம் பன்னிரண்டு, ராத்திரி ஏழு. முன்பு போலக் கட்டிக் கொடு என்றேன். ஸ்டிக்கரில் இருப்பதை மாற்றினால் கடையை மூடச் சொல்வார்கள் அக்கா என்று கையை விரித்துவிட்டாள். அவளைச் சொல்லி என்ன.

உன் வாப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. ஜவுளிக்கடையில் பிறந்து வளர்ந்த மனுஷர், துணி ஓரத்தில் அச்சடித்திருப்பதுதான் அவருக்கு வேதம், பெண்டாட்டி சொல்வது காற்று. பன்னிரண்டு மணிப் பையை நோன்பில் சாப்பிட முடியாது, விட்டுவிட்டால் மருந்து குறைந்துவிடும், அதனால் முந்தாநாள் காலைப் பையையும் மத்தியானப் பையையும் சஹரிலேயே சேர்த்து விழுங்கிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயந்திரம் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போன இடத்தில், பள்ளிவாசலில் சர்க்கரை இறங்கி அப்படியே சரிந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீரை வாயில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்க மறுத்திருக்கிறார், நோன்பு போய்விடும் என்று. பாங்கு சொல்கிற மோதினார்தான் அதட்டி, உசிரைக் காப்பாத்திக்கிறதும் கடமைதான் காக்கா, குடிங்க என்று ஊற்றியிருக்கிறார். வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தபோது நோன்பு முறிந்துபோச்சே என்று சுவரைப் பார்த்துப் படுத்து அழுதார். கால் மணி நேரம் தாமதித்திருந்தால் உனக்கு வேறு கடிதம்தான் வந்திருக்கும்.

நேற்றுக் காலையில் பைகளை எல்லாம் வாரிக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் கொட்டினேன். நாலு பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி நாங்கள் பசிக்க வேண்டுமா, இதைச் செய்தவன் ஒருநாளாவது நோன்பு வைத்தவனா என்று எனக்குத் தெரிந்த வியட்நாமியத் திட்டை எல்லாம் திட்டினேன். பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது. கையால் எழுதித் தருகிறேன் என்று பேனாவைத் தேடினார், மேஜையில் இல்லை, நர்சிடமும் இல்லை. கடைசியில் என் பைக்குள் இருந்த பேனாவைக் கொடுத்தேன், அதே பேனாவால்தான் இதை எழுதுகிறேன். மருந்து அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார், பழக்கம் விட்டுப்போன கை, முதல் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி இருந்தது. மூன்று நாள் நோன்பு வேண்டாம், பிறகு இந்தக் கணக்கில் சாப்பிட்டு வைக்கலாம், தலை சுற்றினால் அந்த நிமிஷமே திறந்துவிட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாப் பையையும் பிரித்து அந்தக் கணக்குப்படி நானே கட்டி வைத்தேன். உன் வாப்பா தொட மாட்டேன் என்கிறார். ஸ்டிக்கர் இல்லாத பை, யாரு கட்டினதுன்னு தெரியாத மருந்து, அட்டையில கிறுக்கினதெல்லாம் ஒரு சீட்டா என்கிறார். நான் கட்டினதுதான் என்றால் அதனால்தான் பயம் என்கிறார். நேற்று ராத்திரியும் மருந்து இல்லை, இன்று காலையும் இல்லை. நாளை மறுநாள் நோன்பு வைக்கப் போகிறாராம்.

அதனால் கேட்கிறேன். அட்டையையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் எழுதினதில் ஒரு எழுத்தும் மாற்றாமல் அதை உன் கம்ப்யூட்டரில் அடித்து, ஸ்டிக்கர் மாதிரி கட்டம் போட்டு இன்றைக்கே அனுப்பு, லியன் கடைக்குப் பக்கத்தில் அச்சடித்துக்கொள்வேன். வியட்நாமியத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி போடு. மகன் அனுப்பியது என்று கீழே உன் பெயரைப் போடு, பொய் எதுவும் வேண்டாம். உன் ஆபீஸில் செய்கிற அந்தச் சாமானிலும் யாராவது வாய்விட்டுச் சொல்வதை எழுத ஒரு வெற்றிடம் விடச் சொல், உன் மேலதிகாரியிடம் உம்மா கேட்டாள் என்றே சொல்.

நீயும் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள், அவருடைய இரத்தம்தான் உனக்கும். பிள்ளைக்குக் காது மூடித் தொப்பி போட்டு அனுப்பு. உங்கள் மூவரையும் ரப்பு சலாமத்தாக வைத்திருப்பானாக, ஆமீன்.

கட்டத்தில் கடைசி வரியாக, தலை சுற்றினால் உடனே நோன்பைத் திற என்று கொட்டை எழுத்தில் போடு. நான் சொன்னால் கேட்க மாட்டார், அச்சில் வந்தால் கேட்பார்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஜுலைகா கிதிர் முகம்மது