ஒரு ஆள் உலைக்கு ஒரு கைப்பிடி

ராத்தா,

இன்றைக்குக் காலையில் உலைக்கு அரிசி எடுத்தபோது, கை தானாக அடுப்பு மேடையின் மூலையில் இருக்கிற பழைய பால்பவுடர் டின்னுக்குப் போனது. மூடியைத் திறந்ததும் அந்த வாடை. காய்ந்த வேப்பிலை வாடையும், வண்டு விழுந்த அரிசிக்கு வருமே ஒரு புழுக்க வாடை, அதுவும். ஒரு கைப்பிடி போட்டேன். நிற்கவில்லை. சரிந்து மேடையெல்லாம் சிந்திவிட்டது. டின் கழுத்துவரை நிறைந்ததை நான் கவனிக்கவே இல்லை. நீங்கள் இருந்தவரை இது நிறைந்ததே கிடையாதே. சனிக்கிழமை ஆனால் வந்து கவிழ்த்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

சிந்தினதைப் பொறுக்கிக்கொண்டே உங்களைத் திட்டினேன். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டு, சனிக்கிழமைகளை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? பதில் சொல்ல ஆள் இல்லாததால் நன்றாகவே திட்ட முடிந்தது.

கைப்பிடி அரிசி என்னுடைய பழக்கம்தான். எங்கள் ஊர் சர்ச்சில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால் அதை விற்று இல்லாதவர்களுக்கு உதவுவார்கள். கல்யாணமாகித் தாராவிக்கு வந்த பிறகும் கை அதை விடவில்லை. ஆனால் இங்கே யாரிடம் கொடுப்பது என்று தெரியாது. மாசக் கடைசியில் முடை வந்ததும் நானே எடுத்து வடித்துவிடுவேன். அடுத்த வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நீங்கள் ஒரு நாள் எட்டிப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, அது என்ன டப்பா? எலிக்கா வைக்க?"

விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "ஆண்டவருக்கு எடுத்து வச்சிட்டு, அவரு அசந்த நேரத்துல நீயே திங்கியாக்கும்! நல்லா இருக்குட்டி ஒன் பக்தி." எனக்குக் கோபம் வந்தது. மறு நாளும் நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். உங்கள் தங்கச்சி அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி நானும் உங்களை ராத்தா என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அந்தச் சமயத்தில்தான் நாம் தையல் ரூமுக்குப் போக ஆரம்பித்தோம். உங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த தோல் பட்டறையை மூடியிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இருக்காது. பெண்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் நம் சந்துக்குள்ளேயே ஒரு ரூம் பிடித்து, மிஷின் போட்டு, தைக்கக் கற்றுக்கொடுத்து, தைத்ததற்குக் கூலியும் கொடுத்தது. முதல் கூலியில் நான் பிள்ளைக்குச் செருப்பு வாங்கினேன். நீங்கள் பூட்டு வாங்கினீர்கள். உங்கள் தகரப் பெட்டிக்கு ஒரு பூட்டு. "இது என் சம்பாத்தியம். கேட்டா குடுப்பேன், கேக்காம எவனும் தொடப்படாது" என்று சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரர் டீக் கிளாஸோடு நழுவியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த ரூம் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. ஏதோ ஒரு குளிர் தேசத்தில், ஸ்வெட்டர் போட்ட வெள்ளைக்காரக் கிழவிகள் மேசை நிறைய கேக் சுட்டு வைத்துக்கொண்டு நிற்பார்கள். அதை விற்றுத்தான் நம் மிஷின்களுக்குப் பணம் அனுப்பினார்களாம். மிஷினை மிதித்துக்கொண்டே நீங்கள் அந்தப் போட்டோவைப் பார்ப்பீர்கள். "இவளுக கால் கடுக்க நின்னு கேக் வித்திருக்காளுக. நான் இருக்கேனா செத்தேனான்னுகூட இவளுகளுக்குத் தெரியாதுட்டி" என்பீர்கள். அது உங்களை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லை.

ஒரு நாள் தையல் ரூம் மேடம், ஆப்பிரிக்காவில் மழை பொய்த்த ஊர்களில் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, விதையும் ஆடும் கொடுத்துப் பிழைக்க வழி செய்கிற வேலையைப் பற்றிச் சொன்னார். எல்லாரும் உச்சுக் கொட்டினோம். நீங்கள் மட்டும் உங்கள் அரைகுறை இந்தியில், "நாங்களும் குடுக்கோம்" என்றீர்கள். மேடம் சிரித்துவிட்டார். நல்ல மனுஷிதான், கெட்ட எண்ணம் இல்லை. "உங்களுக்காகத்தானே நாங்களே மற்றவர்களிடம் கேட்கிறோம்" என்றார்.

உங்களுக்கு வந்த கோபம்! பாதி இந்தியும் பாதித் தமிழுமாக நீங்கள் பொரிந்து தள்ளியதில் ரூமில் எல்லா மிஷினும் நின்றுவிட்டது. "எங்கள எப்பவும் வாங்குற கையாவே வச்சிருக்கப் பாக்கியளா?" என்று கேட்டீர்கள். மேடத்துக்குத் தமிழ் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னேன். அவர் முகம் சிவந்து போய் எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே என் டின்னைத்தான் எடுத்தீர்கள். "இதான் வழி. காசு கேட்டா எவளும் தர மாட்டா. ஒரு பிடி அரிசின்னா எவ வீட்டுலயும் இருக்கும்." வீட்டுக்கு ஒரு டின் வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமை நம் வரிசை வீடுகள், அந்தச் சால் முழுக்கத் தட்டிச் சாக்கில் வாங்கினோம். நீங்கள் கூப்பாடு போட, நான் சாக்கைப் பிடிக்க. என் வீட்டுப் புழுங்கல், உங்கள் வீட்டுப் பச்சரிசி, ரேஷன் அரிசி, எவளோ விசேஷத்துக்கு வாங்கி மிஞ்சின பாசுமதி, எல்லாம் ஒரே சாக்கில். பெரிய வியாபாரிகள் மாதிரி இட்லிக்காரரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "இத ஊறப்போட்டா ஒண்ணு கரையும், ஒண்ணு கல்லா நிக்கும். கோழிக்குப் போடுங்கம்மா" என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நீங்கள் அப்படியே சாக்கைத் திருப்பி மாவு மில்லுக்கு நடந்தீர்கள். அரைத்தால் எல்லாம் ஒன்றுதானே. மராட்டிக்காரப் பெண்கள் அரிசி ரொட்டி, அவர்கள் சொல்கிற பாக்ரி, தட்ட அந்த மாவை வாங்கினார்கள். அந்தக் காசை ஆப்பிரிக்காவுக்கென்று மேடத்திடம் கொடுத்தோம். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூட நின்றதில்லை. அந்தச் சால் வீடுகளை இடித்துவிட்டு இந்தப் பில்டிங்கைக் கட்டிக் கொடுத்தபோதும் நாம் அடுத்தடுத்த வீடாகக் கேட்டு வாங்கி, லிஃப்டில் சாக்கோடு ஏறி இறங்கினோம்.

அந்த ஆப்பிரிக்கப் பெண்களின் போட்டோ ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நடுவில் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நிற்பாள். "இவளப் பாருட்டி, நம்ம குழாயடிச் சண்டைக்காரி மாதிரியே நிக்கா!" என்று உங்களுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு அவள் பெயரைக் கேட்டு வரச் சொல்லி மேடத்தைப் பாடாய்ப் படுத்தினீர்கள்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒரு சனிக்கிழமை, நான் டின்னைக் கொடுக்கவில்லை. மகளும் கல்யாணமாகி டிராம்பேக்குப் போய்விட்டாள். "ராத்தா, இனி என்னை விட்டுருங்க. ஒரு ஆளுக்கு ஆக்குறதுல ஒரு பிடி எடுத்தா பானையில என்ன இருக்கும்?" என்று அழுதேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். சாக்கைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"ஒரு ஆளுக்குன்னு யாருட்டி சொன்னா? அந்த ஒரு பிடி இன்னொருத்திக்கு. நீ ரெண்டு பேருக்கு ஆக்குற. ஒரு ஆளு கொஞ்சம் தள்ளி இருக்கா, அம்புட்டுத்தான்."

அதற்கப்புறம்தான் என்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. இதை உங்களிடம் சொன்னதில்லை.

பிறகு உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் மூச்சில்லாமல்தான் திரும்பி வந்தீர்கள். உங்களை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, உங்கள் மார்க்கத்து வழக்கப்படி பெண்கள் நாங்கள் படியோடு நின்றுவிட்டோம். ஆண்கள் தெரு முனை திரும்பும்வரை பார்த்தேன். எந்த மண்ணில் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, நீங்கள் ஆண்டாப் ஹில்லில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிற மாதிரியே ஒரு நினைப்பு.

தனிமை என்றால் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று தெரியாது, ராத்தா. கீழே ஆட்டோ, மேலே டிரில் மிஷின், அடுத்த வீட்டில் டிவி. இத்தனைக்கும் நடுவில் என்னை 'ஏட்டி' என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை. போனில் பேத்தி இந்தியில் "நானி, கானா காயா?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன வாரம் மேடம் போன் செய்தார். "நீங்கள் ஒருத்தராகக் கஷ்டப்பட வேண்டாம், நிறுத்திக்கொள்ளலாம்" என்றார். "அதான் போன்லயே ஸ்கேன் பண்ணிக் காசு அனுப்பலாமேம்மா, எதுக்கு மூட்டை தூக்குற?" என்கிறாள் மகள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். எனக்குக் கதவைத் தட்டிக் கூவத் தெரியாது. அது உங்கள் தொண்டை. நான் சாக்குப் பிடித்தவள். இன்றைக்கு அந்த நிறைந்த டின்னைப் பார்த்தபோது, புடைத்து நானே வடித்துவிட்டால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. அப்போது நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. போங்கள் நீங்களும் உங்கள் சிரிப்பும் என்று டின்னைச் சாக்கில் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முதல் கதவு உங்கள் வீட்டுக் கதவு. உங்கள் மகன் அதை வாடகைக்கு விட்டுவிட்டான். யாரோ உத்தரப் பிரதேசத்துச் சின்னப் பெண், புதிதாகக் கல்யாணமானவள். இத்தனை நாளும் அந்த வாசலைத் தலையைக் குனிந்துகொண்டே தாண்டிப் போவேன். இன்றைக்கு நின்றேன். தட்டினேன். கூவ வாய் வரவில்லை, இருமல்தான் வந்தது. அவள் திறந்தாள். "சாவல்" என்றேன், அரிசி என்று. பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது, கண் கலங்கிவிட்டது.

அவள் என்னையும் சாக்கையும் பார்த்தாள். "ஆன்ட்டி, இத்தனை நாளா ஏன் வரல?" என்று இந்தியில் கேட்டுவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் உங்கள் டின். சாவி கொடுத்த அன்றைக்கே உங்கள் மகன் சொல்லியிருக்கிறான்: சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஆன்ட்டி வருவாங்க, தினம் ஒரு பிடி எடுத்து வைங்க, அம்மா விட்டுட்டுப் போன வேலை. அவள் தினமும் வைத்திருக்கிறாள். டின் நிறையக் கோதுமை மாவு! அவர்கள் வீட்டில் ரொட்டிதானாம். "இது பரவாயில்லையா ஆன்ட்டி?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

நான் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக் கதவும் திறந்தது. மாவைத் தனிப் பையில் வாங்கிக்கொண்டேன். கலந்துவிட்டு அவதிப்பட நான் என்ன புதுசா? பிறகு ஒவ்வொரு மாடியாக ஏறினேன். சில கதவு திறக்கவில்லை. ஒருத்தி டின்னையே தூக்கிப் போட்டுவிட்டாளாம். கொடுத்தவர்கள் எல்லாரும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் கொடுத்தார்கள். நாலாவது மாடியில் எனக்கே தெரியாமல் கூவியும் விட்டேன். உங்கள் குரல் அளவுக்கு இல்லை.

வந்து இப்போதுதான் உலை வைத்தேன். அரை டம்ளர் அரிசி எடுத்து, அதில் ஒரு கைப்பிடியைக் காலி டின்னில் போட்டேன். தகரத்தில் விழுந்து கலகலவென்று சத்தம் கேட்டது. மீதி பானைக்குள் போனது. நீங்கள் சொன்ன கணக்குப்படி இரண்டு பேருக்கு ஆக்குகிறேன். தள்ளி இருக்கிற அந்த ஆள் யார் என்று கேட்டால், இன்றைக்கு மட்டும் உங்களைத்தான் சொல்வேன், ராத்தா.