அந்தமான் டிக்கெட்டும் அயர்ன் போட்ட காலுறையும்

12, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். துணிக் கம்பெனியில் பாய்லர் கோளாறு. அயர்ன் டேபிளுக்கு நீராவி இல்லை, அரை நாள் சும்மா.

அந்தமானிலிருந்து மகள் கவிதா போன். வயிற்றில் குழந்தை தலை திரும்பவில்லையாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

"வந்துருவீங்கல்லங்கப்பா?"

"வராம? பொறந்ததும் உன்ர ஊட்டுக்காரர் மூஞ்சியத்தான் பாக்கோணும். பயந்துக்காதா? அதுக்காச்சும் வர்றேன் கண்ணு."

சிரித்தாள். பாதியில் அழுகை. தாய் இல்லாத பிள்ளை. நான் போகாவிட்டால் யார்?

டிக்கெட் விலை இறங்கும் என்று பத்து நாள் காத்தது என் புத்தி. டிராவல்ஸ் அம்மா சொல்கிறது: "போன வாரம் ஒம்பதாயிரமுங்க. இன்னைக்குப் பதினாறுங்க."

"ஏனுங்க, ப்ளைட்டையே எனக்குக் கிரயம் பண்ணித் தர்றீங்களா?"

அந்தம்மா மட்டும் சிரித்தது. கை மோதிரம் அடகுக்குப் போனது. வியாழன் மதியம், சென்னையிலிருந்து. மாற்ற முடியாத டிக்கெட்.

13, செவ்வாய்
டாக்டர். போன வருஷம் இடது காலில் ரத்தம் உறைந்து கட்டியது. இருபத்தாறு வருஷம் நின்றே அயர்ன் போட்டதற்குப் பரிசு.

சொன்னது: தொடை வரை இறுக்கமான காலுறை. தண்ணீர் நிறைய. அடிக்கடி எழுந்து நடக்க. அங்கே கொசு அதிகம், களிம்பு.

"காலுறை இல்லாம ப்ளைட்டு ஏறக்கூடாது. ரத்தக் கட்டி நெஞ்சுக்குப் போச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

"பைலட்டுகிட்டச் சொல்லி மெதுவா ஓட்டச் சொல்றனுங்க."

முறைத்தார். கோயம்புத்தூர் போய் வாங்கினேன். என் அளவில் கடைசி ஜோடி.

14, புதன்
மழை. புதுசு என்று துவைத்த காலுறை காயவில்லை. கம்பெனிக்கே எடுத்துப் போனேன். மேசையில் ஊருக்குக் கொண்டுபோகும் வேட்டி, சட்டை, துண்டு. கவிதா போன். "வலிக்குதுங்கப்பா." பேசிக்கொண்டே கை தன் பாட்டுக்குப் போனது. வேட்டிச் சூட்டிலேயே காலுறை மேல் அயர்ன் பெட்டி.

பக்கத்து டேபிள் முருகேசன் கத்தினான். "ஏனுங்ணா! லைக்ரா எலாஸ்டிக்குக்குச் சூடு ஆகாதுன்னு எங்களுக்குப் பாடம் எடுக்கறது நீங்கதானுங்க!"

தூக்கிப் பார்த்தேன். பாலாடை மாதிரி தொங்குகிறது. இழுத்தால் இழுத்தபடி. காலில் போட்டேன், கணுக்காலில் குவிந்தது. டேபிள்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான். பாத்ரூமில் போய் அழுதேன்.

கடைக்குப் போன். என் அளவு சனிக்கிழமைதான். டாக்டருக்குப் போன்: "அப்பப் போகாதீங்க."

ராத்திரி ரயில் ஏறிவிட்டேன்.

15, வியாழன்
சென்னை. வெயில். நாலு மருந்துக் கடை. ஒன்றில் இல்லை, ஒன்றில் சின்ன அளவு, முழங்காலைத் தாண்டவில்லை. மற்ற இரண்டும் திறக்கவில்லை. நேரம் முடிந்தது.

ஏர்போர்ட். தண்ணீர் மூன்று பாட்டில். உட்காராமல் நடை. கணுக்காலை ஆட்டு, ஆட்டு. பக்கத்தில் ஒரு அம்மா, "டான்ஸ் கத்துக்கறீங்களா?" "ஆமாங்க, பேரனுக்கு ஆடிக் காட்டோணும்."

கவிதா போன்.

"காலுறை போட்டுட்டீங்கல்லங்கப்பா? சத்தியமா?"

"போட்டாச்சு கண்ணு. உன்ர மாமியா புடி மாதிரி இறுக்கிப் புடிச்சிருக்குது."

சிரித்தாள். இந்த முறை அழவில்லை.

போன வருஷம் போலவே இடது கால் கனக்கிறது. ப்ளைட் ஏற வரிசையில் கூப்பிடுகிறார்கள்.