நாற்பத்தேழாம் கேள்வி

3 மே 2025

குட்மேய்ஸ் மீன்கடை வரிசையில் இன்று அந்தக் குரல் கேட்டது. "விளைமீன் முடிஞ்சுதோ?" என்று. முகம் மறந்துபோயிருந்தது, குரல் மறக்குமா? 2009இல், அகதி விசாரணை அறையில், மூன்று மணிநேரம் அதிகாரிக்கும் எனக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்த்த குரல். கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்: வாசுதேவன். பதினாறு வருடம் பெயர் தெரியாமலே திட்டியிருக்கிறேன். இனி வசதி.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அண்ணை," என்று என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார். அடையாளமே தெரியவில்லை அவருக்கு. கடைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தார்: ஜூன் நடுவில், ரோம்ஃபோர்டுக்கு அப்பால் ஒரு ரைஃபிள் கிளப்பில், சனி ஞாயிறு துவக்குச் சுடும் பயிற்சியாம். காலையில் சுடுதல், பின்னேரம் சரித்திர வகுப்பு. ஆரும் வரலாமாம்.

ஆரும் வரலாம்!

4 மே

சிவரூபினியிடம் சொன்னேன். "பழசைக் கிளறி என்ன காணப்போறியள்?" என்றாள். மனைவிமார் அப்படித்தான் சொல்வார்கள்.

நாற்பத்தேழாம் கேள்வி: "நீங்கள் துவக்குத் தூக்கேல்லையோ?" நான் "ஓம்" என்றேன். ஓம், தூக்கவில்லை. தமிழ் பேசும் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அந்த மனுசன் அதிகாரியிடம் திரும்பி "யெஸ்" என்றார். அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காதில் அது "ஓம், தூக்கினேன்". மறுப்புக் கடிதத்திலும் அப்படியே இருந்தது: ஆயுதம் ஏந்தியதை ஒப்புக்கொண்டார்.

எட்டு வருடம் வழக்கு. நான் நாட்டைவிட்டு வெளிக்கிடும்போது மகள் கௌசிக்கு நாலு வயது. ஹீத்ரோவில் வந்து இறங்கும்போது பதின்மூன்று. தாயின் பின்னால் நின்றுகொண்டு, "இவரோ அப்பா?" என்று கேட்டாள். நான் கூப்பிட விருப்பமில்லாமல்தான் விட்டேன் என்று இன்றும் நினைக்கிறாள். வழக்கு என்பதெல்லாம் சாட்டாம். அந்த "இவரோ"வுக்கு வாசுதேவன் பதில் சொல்லத்தான் வேண்டும்.

19 மே

பதிவு செய்துவிட்டேன். படிவத்தில் ஒரு கேள்வி: முன்பு துவக்கு கையாண்டதுண்டா? இல்லை என்று எழுதினேன். இந்த நாட்டில் முதல்முறையாக அந்தப் பதிலை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

2 ஜூன்

யாராவது இதைப் படித்தால் சுடத்தான் போகிறேன் என்று நினைப்பார்கள். எனக்கென்ன விசரோ? சுட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அந்த ஆள் வெட்கப்பட வேண்டும். நாலு பேர் பார்க்க.

7 ஜூன்

பஸ் ஓட்டிக்கொண்டே சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்ததில், இல்ஃபோர்டில் ஒரு தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். மணி அடித்தவர் ஏசினார். அதற்கும் வாசுதேவன்தான் காரணம்.

14 ஜூன், சனி

பயிற்சி நடத்துபவர் மொரீன், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. பாயில் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு, விசையை மெல்ல அழுத்த வேண்டும். அடுத்த பாயில் வாசுதேவன். என் முதல் ஐந்து ரவையும் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குள் விழுந்தன. "துவக்கு உங்களுக்குப் புதிதில்லைப் போல," என்றார் மொரீன். சிரிப்பதா, அழுவதா?

பிறகுதான் அது. இலக்குத் தாள்களை எடுக்கப் போகுமுன் மொரீன் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: உங்கள் துவக்கில் ரவை இல்லையே? நான் "யெஸ்" என்றேன். மொரீன் போட்ட சத்தத்தில் நடக்க வெளிக்கிட்டவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அதே பிழை. இந்தமுறை என் வாயாலேயே.

வாசுதேவன்தான் தலையைத் தூக்கினார். "ரவை இல்லை என்றுதான் சொல்கிறார். எங்கள் மொழியில் அப்படித்தான் பதில் சொல்வோம்." தடங்கலில்லாமல், அழகான ஆங்கிலத்தில்.

அப்ப அவனுக்குத் தெரியும்! துவக்கில ரவை இருக்கோ இல்லையோ எண்டதுக்கு வாய் திறந்தவன், என்ர பிள்ளைக்காக ஏன் திறக்கேல்லை? நாளைக்கு இருக்கு அவனுக்கு.

15 ஜூன், ஞாயிறு

பின்னேரம் மொரீன் போயர் யுத்தம் பற்றிச் சொன்னார். போயர் எனப்பட்ட தென்னாபிரிக்க விவசாயிகள், வெறும் கமக்காரர்கள், குறி தவறாமல் சுட்டதைக் கண்ட பிறகுதான் இங்கிலாந்தில் இப்படிக் கிளப்புகள் பெருகினவாம். பிடிபட்ட போயர்களைச் சிலோனுக்கு, தியத்தலாவைக்கு அனுப்பினார்களாம். சிலோன் என்றதும் எங்கள் இருவரையும் பார்த்தார். "உங்கள் பக்கக் கதை ஏதும் உண்டா?"

எழும்பினேன். "உண்டு. என் ஆங்கிலம் போதாது. வாசுதேவன் மொழிபெயர்ப்பார்." சந்தோசமாக எழுந்து வந்தார், பாவி.

மொழிபெயர்ப்பவர்கள் "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. "நான்" என்றே சொல்ல வேண்டும். அது அவர்கள் தொழில்முறை. அதற்காகத்தான் அவரைக் கேட்டேன். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்ல, அவர் வாய் ஆங்கிலத்தில் சொன்னது: நான் துவக்குத் தொட்டதில்லை. என் மகளுக்கு நாலு வயது. நான் ஓம் என்றேன். நாற்பத்தேழாம் கேள்வியில் குரல் தடுமாறியது. "இவரோ அப்பா"வில் நின்றேவிட்டது. நான் விடவில்லை. "சொல்லுங்கோ," என்றேன். சொன்னார்.

கடைசி வசனம்: "அந்த மொழிபெயர்ப்பாளர் இந்த அறையில்தான் நிற்கிறார்." மாற்றிச் சொல்லியிருக்கலாம், அங்கே வேறு ஒருவருக்கும் தமிழ் தெரியாது. மாற்றவில்லை. சொல்லிவிட்டுத் தன் கையைத் தூக்கினார்.

பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லாயிருந்தது. பொய் சொல்லமாட்டேன், நல்லாவே இருந்தது.

வெளியே காரடியில் வந்து சொன்னார்: "வேலைக்குச் சேர்ந்து ரெண்டாம் மாசம். பிழையெண்டு அப்ப விளங்கேல்லை. பிறகு உங்கட லோயர், பிழை என்ரையெண்டு ஒரு கடிதம் கேட்டவர். வேலை போயிடுமெண்டு நான் குடுக்கேல்லை."

லோயர் கேட்டது எனக்கு இன்றுதான் தெரியும். கோபம் ஆறுமென்று வந்தவன், இன்னும் கூடிப்போய்த் திரும்பினேன்.

28 ஜூன்

தபாலில் கடிதம். அன்றைக்குத் தந்திருக்க வேண்டியது. பிழை தன்னுடையது என்று இரண்டு பக்கம், கையெழுத்துடன். இனி எந்தக் கோர்ட்டுக்கும் தேவையில்லை. மேசையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது கௌசி அதை வைத்துக்கொண்டிருந்தாள். "என்னைக் கூப்பிட உங்களுக்கு ஏலாமத்தான் இருந்திருக்கு, என்ன அப்பா," என்றாள். எட்டு வருடமாக நான் சொல்லி நம்பாதவள்.

12 ஜூலை, சனி

கிளப்பில் சேர்ந்துவிட்டேன். வாசுதேவன் தன் காரில் ஏற்றிப்போவதாகச் சொன்னார், ஏறுவேன். அவரைவிட நான் நன்றாகச் சுடுகிறேன். கிழமைக்குக் கிழமை அதைப் பார்க்கட்டும்.

வெளிக்கிடும்போது சிவரூபினி கேட்டாள்: "அந்தாளை நீங்கள் இன்னும் மன்னிக்கேல்லையோ?"

"ஓம்," என்றேன்.

அவளுக்கு விளங்கியது. இரண்டு பேருக்கும் இடியப்பம் கட்டித் தந்தாள்.