விபத்தில்லாத 250 நாட்கள்

பிப்ரவரி 8, 2025. சனி

காலை ஆறு மணிக்குப் பலகையில் 205-ஐ அழித்துவிட்டு 206 எழுதினேன். வல்லம் வடகாலில் எங்கள் ஆலைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற முதல் பொருள் அதுதான். 'விபத்தில்லாத நாட்கள்'. என் கையெழுத்து அழகாக இருக்கிறதாம். அதனால் தினமும் எண்ணை மாற்றுகிற வேலையை எச்.ஆர். மணிகண்டபிரபு சார் என் தலையில் கட்டியிருக்கிறார்.

அடுத்த மாதம் வெளிநாட்டுக் கஸ்டமர் ஆலையைச் சோதித்துப் பார்க்க, ஆடிட்டுக்கு வருகிறார். இன்று மதியம் எங்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நிஜமாகத்தான். "பல்லு தெரியணும், ஈறு தெரியக் கூடாது. கேள்வி கேட்டா ஒரு செகண்ட் யோசிக்கிற மாதிரி நில்லுங்க. மனப்பாடம்னு தெரிஞ்சிடக் கூடாது" என்றார் பிரபு சார். இருபது பெண்கள் வரிசையாக நின்று ஈறு தெரியாமல் சிரித்தோம். பக்கத்தில் பாண்டிச்செல்வி. என் அறைத் தோழி, சங்கரன்கோவில்காரி, தகடு அழுத்துகிற பிரஸ் லைனில் இருக்கிறாள். "ஏட்டி வேலு, இவரு பொண்டாட்டிட்டயும் இப்படித்தான் சிரிப்பாரா?" என்று காதில் ஊதினாள். எனக்கு ஈறு தெரிந்துவிட்டது. திட்டு விழுந்தது.

கஸ்டமரிடம் பேசப்போவது நான்தான். டிப்ளமோ படித்தவள், கொஞ்சம் ஆங்கிலம் வரும். நல்லபடியாக முடிந்தால் என்னை நிரந்தரம் ஆக்குவார்களாம்.

பிப்ரவரி 10, திங்கள்

பாண்டியின் இடது கை, என் கண் முன்னால். ஆள்காட்டி விரலும் நடுவிரலும். முதல் கணுவோடு போயிற்று. அந்த பிரஸ்ஸில், கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார் மூன்று நாளாக வேலை செய்யவில்லை என்று லைனுக்கே தெரியும்.

முடியல. நாளைக்கு எழுதுறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வல்லக்கோட்டைக்குக் காவடி போகிற கூட்டத்தில் கம்பெனி வேன் நகரவே இல்லை. ஒரகடத்தில் தனியார் ஆஸ்பத்திரியில்தான் பாண்டியைச் சேர்த்திருக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி வருமே! நேற்று சேர்த்தபோது, படிவத்தில் 'எப்படி நேர்ந்தது' என்கிற இடத்தில் 'விடுதிக் குளியலறைக் கதவு இடுக்கில் சிக்கியது' என்று எச்.ஆர். ஆட்கள் எழுதிவிட்டார்கள். என்ன ஜென்மங்கள் இவர்கள்?

காலையில் பலகையில் 209.

பிப்ரவரி 17, திங்கள்

பாண்டியை வரவழைத்துவிட்டார்கள். கட்டோடு தினமும் வந்து பஞ்ச் பண்ண வேண்டும், டிரெய்னிங் ரூமில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். அவள் லீவு போட்டால் விபத்துக் கணக்கில் ஏறிவிடும், பலகை பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களுக்குக்கூட யாரோ அவளுக்கு வருகை போட்டிருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் உதயசூரியன் அண்ணனிடம் கேட்டேவிட்டேன். இந்தப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நா இன்னா பண்றது வேலு? மேல கீறவன் சொல்றான். அது சும்மா குந்திகினு கீது, சம்பளம் வருதுல்ல?"

சம்பளம் வருகிறது. விரல் வருமா?

மார்ச் 2, ஞாயிறு

அம்மா வீடியோவில் வந்தாள். மண்ணூர் விடுதியில் எங்கள் அறையில் ஆறு பேர். பெயிண்ட் உரியாத ஒரே சுவரில் சாய்ந்து, ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேசினேன். நான் ஆபீசில் இருப்பதாக அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். போனை வைத்ததும் பாண்டி சொன்னாள்: "ஒனக்கெல்லாம் பிரபு சார் கிளாஸ் எடுக்கவே வேண்டாம்ட்டி." விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஆடிட். 232.

நேற்று ஒரு வண்டி நிறையப் பூந்தொட்டிகள் வந்தன, வாடகைக்கு. கக்கூசில் சோப்பு, கை துடைக்கப் பேப்பர். கேண்டீனில் பழம் வைத்தார்கள், சாப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்தார்கள். பிரஸ்ஸுக்குப் புது சென்சார் வந்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் அதை வைக்க என்ன கேடு?

பாண்டியை மறைக்க முடியாது. பஞ்ச் பண்ணியவர்கள் அத்தனை பேரும் லைனில் நிற்க வேண்டும் என்று கஸ்டமர் கேட்டிருந்தார். அதனால் அவளுக்குத் தோல் கையுறை. கையுறையின் இரண்டு விரல்களில் யாரோ பஞ்சைத் திணித்துக் கொடுத்திருந்தார்கள்.

கஸ்டமர் உயரமானவர், மரியாதையானவர். விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒரு செகண்ட் யோசிக்கிற மாதிரி நின்றேன். மனப்பாடம் பண்ணிய ஐந்து படிகளையும் சொன்னேன். கடைசியாக எப்போது நடந்தது என்றார். பலகையைக் காட்டினேன். கை குலுக்கினார். பிறகு எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்தோம்.

இதை எழுதுகிற கையைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

பூந்தொட்டிகள் திரும்பிப் போயின. சோப்பும் போயிற்று.

மார்ச் 13, வியாழன்

பாண்டி ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குத் தனியாகவே போய்விட்டு வந்தாள். வேலையில் கை போனால் ஆயுசுக்கும் மாதாமாதம் ஏதோ வருமாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே இருந்த அதிகாரி அம்மா நிதானமாகத்தான் பேசினாராம். "ஆஸ்பத்திரி சீட்டுல பாத்ரூம் கதவுன்னு போட்டிருக்கே. பாத்தவங்க யாராச்சும் எழுதிக் கொடுத்தா விசாரிக்கலாம்."

பாண்டி இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

மார்ச் 24, திங்கள்

250. லட்டு. எனக்கு ஒரு சான்றிதழ், ஒரு கோப்பை. "வேல்விழிதான் நம்ம பிளாண்டோட முகம்" என்று மைக்கில் சொன்னார் பிரபு சார். எல்லாரும் கை தட்டினார்கள். பாண்டி வலது கையால் தொடையில் தட்டினாள்.

தூ!

மார்ச் 29, சனி

பாண்டியைப் பெண் பார்க்க அடுத்த வாரம் வருகிறார்களாம். முதலில் போட்டோ அனுப்ப வேண்டும். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்து அந்த ஒரே சுவருக்கு முன்னால் நின்றாள்.

"கை தெரியாம எடுட்டி. நீதான் நல்லா மறைப்ப."

எடுத்தேன். முந்தானையைக் கைமேல் இழுத்துவிட்டு, நாலு தடவை எடுத்தேன். போனை வாங்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எப்படியும் பின்னால கேப்பாவ. பாத்ரூம் கதவுன்னே சொல்லிருதேன். சீட்டுலயும் அப்படித்தான இருக்கு. ஒன் கையெழுத்து பளிச்சுன்னு இருக்குட்டி, யாரும் சந்தேகப்பட மாட்டாவ."

அவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுக்கு என்னைய செருப்பால அடிச்சிருக்கலாம்.

பிப்ரவரி 11-ஆம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பொய். எச்.ஆர். ஆட்கள் யாரும் எழுதவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிரபு சார் போனில் சொன்னார்: "நீயே ஃபில் பண்ணிடும்மா, உன் எழுத்து நீட்டா இருக்கும். பாத்ரூம் கதவுன்னு போட்டுடு. உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு." பாண்டியின் ரத்தம் என் சட்டைக் கையில் காயவில்லை. பேனாவை வாங்கினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகாக எழுதினேன். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கு அவள் கார்டைப் பஞ்ச் பண்ணிய அந்த 'யாரோ'வும் நான்தான்.

யாரும் படிக்காத நோட்டு இது. இதிலும் எனக்கு நல்லவளாகத் தெரிய வேண்டியிருந்திருக்கிறது. யாருக்கு வேலு? யாரு பாக்குறா இங்க? ஒன்றரை மாதமாக பிரபு சாரைக் காறித் துப்பிக்கொண்டிருக்கிறேன். அவர் மாதச் சம்பளத்துக்குச் செய்ததை நான் ஒரே அறையில் பக்கத்தில் படுக்கிறவளுக்குச் செய்தேன்.

ஏப்ரல் 2, புதன்

லீவு போட்டேன். பாண்டிக்கும் சேர்த்துப் போட வைத்தேன். ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து, அதில் சொல்லியிருப்பது பொய், பிரஸ்ஸில் நடந்தது, நான் பார்த்தேன். இந்தத் தடவை எழுத்து கோழி கிண்டியதுபோல வந்தது. அந்த அம்மா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒங்க எழுத்துதானாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாண்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மண்ணூர் வந்ததும், "எறங்குட்டி" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

பிரபு சார் கூப்பிட்டார். கத்தவில்லை. "உன்னை எவ்ளோ நம்பினேன் வேல்விழி" என்றார். அவர் கண் கலங்கியே விட்டது. அதையும் பழகி வைத்திருப்பார்போல. என் காண்ட்ராக்ட் முப்பதாம் தேதியோடு முடிகிறது. பலகையை இனி வேறு யாரோ எழுதுவார்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 19, திங்கள்

ஸ்ரீபெரும்புதூரில் ஜவுளிக்கடை பில்லிங்கில் சேர்ந்து இரண்டு வாரமாகிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, பிறகு பேசினாள்.

பாண்டிக்கு ஈ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் கையை நீட்டி, பிரஸ்ஸில் போனது என்று சொன்னாளாம். அவர்களிடமிருந்து பதில் இல்லை.

இன்று கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட ஆலைக்குப் போனேன். பலகையைக் காணோம். அந்த இடத்தில் பெரிய ஃபிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'பாதுகாப்பே எங்கள் பெருமை'. மார்ச் ஆறாம் தேதி எடுத்த போட்டோ. நடுவில் ஹெல்மெட்டோடு நான். ஈறு தெரியவில்லை. கேட்டில் புது செக்யூரிட்டி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீதானம்மா? சூப்பரா சிரிச்சிகினு கீற!"

எனக்குப் பின்னால் பாண்டி நிற்கிறாள். கையுறை போட்ட இடது கை என் தோள்மேல் இருக்கிறது. ஐந்து விரலும் இருக்கின்றன. இரண்டு மட்டும் வளையாமல் விறைத்துக்கொண்டு நிற்கின்றன.

மார்ச் 29-ஆம் தேதியோடு எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். இதை எழுதவில்லை. அந்தப் பஞ்சை அடைத்ததும் நான்தான். வலிக்குதாட்டி என்று கேட்டுக் கேட்டு அடைத்தேன்.